பெரட்டு நேரத்துச் சத்தம்

மேல் டிவிசன்,
பசறை.
09.02.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நான் எழுதுவது உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் பழைய நம்பர் வேலை செய்யவில்லை. வேலை செய்திருந்தாலும் நான் போனில் பேசியிருப்பேனா தெரியாது. எதிரே ஆள் இருந்தாலே எனக்குப் பேச்சு தடைப்படும். நேசராணி அத்தையை ஹாலிஎலையில் கண்டு விலாசம் கேட்டேன். தன் தம்பியின் விலாசத்தைக் கொடுக்க அவர் யோசித்தார். "ஒங்க அண்ணன் அடிச்ச அடி பத்தலையா, நீ கடுதாசியில வேற அடிக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுதிக் கொடுத்தார்.

அம்மா போய் மூன்று மாதம் ஆகிறது. அன்று நடந்ததைத் தோட்டத்து லயத்தில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நான் கண்டது இது. பத்தாம் நம்பர் மலையில் குளவி கலைந்து அம்மாவைக் கொட்டியது. சாக்கில் படுக்கவைத்துத் தூக்கி வந்து தோட்டத்து அம்புலன்சில் ஏற்றினார்கள். நீங்கள் சாவியைத் திருப்பினீர்கள். டக், டக் என்று மட்டும் கேட்டது. உடனே ஆட்கள் இறங்கித் தள்ளத் தொடங்கினார்கள். "இது ஓட்டோ கியர் வண்டி, தள்ளினாப் புடிக்காதுய்யா" என்று நீங்கள் கத்தினீர்கள். யாரும் கேட்கவில்லை. அம்மாவை உள்ளே வைத்துக்கொண்டு கோயில் வளைவு வரைக்கும் தள்ளினார்கள், பிறகு திரும்பவும் கீழே. தேயிலைக் கொழுந்து லொறி வந்து சேரும்போது அம்மாவின் கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. பசறை ஆஸ்பத்திரிக்கு உயிரோடு போய்ச் சேரவில்லை.

நீங்கள் பூமாலையோடு சாவு வீட்டுக்கு வந்தபோது ஜீவன் அண்ணன் வாசலிலேயே உங்களை அடித்தது. "வண்டிய மாசக் கணக்கா எடுக்காம போட்டு வச்சிருந்தான்" என்று பின்னால் நின்றவர்கள் சொன்னார்கள். அது பொய் என்று நான் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். பறைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

அது பொய் என்று எங்கள் லயத்துக் காம்பராவில் எல்லோருக்குமே தெரியும். காலையில் பேர் பதியப் பெரட்டுக்கு ஆள் சேரும் நேரத்தில் டிஸ்பென்சரி ஷெட்டிலிருந்து வண்டி உறுமும். அம்மா இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டே, "யேசு தம்பி வண்டிய எழுப்பிட்டான், இந்தப் பட்டதாரி இன்னும் எந்திரிக்கல" என்று என்னை ஏசுவார்.

இப்போது புது பெட்டரி போட்டிருக்கிறார்கள். கீழ் டிவிசன் நிஷாந்த் டிரைவராக வந்திருக்கிறார். அவரும் காலையில் ஸ்டார்ட் பண்ணுகிறார். விதுஷா அண்ணி ஆறு மாதம். அண்ணனுக்கு முதல் பிள்ளை. வைகாசி தொடக்கத்தில் பிறக்கும் என்கிறார்கள். மழையில் மண் சரிந்த இடத்தில் பசறை ரோட்டை இன்னும் சரியாகக் கட்டவில்லை. ஆளை ஏற்றிக்கொண்டு மூன்று சில்லு ஓட்டோ அதில் ஏறாது. இரவில் கொழுந்து லொறியும் கிடையாது, அம்புலன்ஸை விட்டால் வேறு வழி இல்லை.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் எவ்வளவு நேரம் ஓட விடுவீர்கள்? நிறுத்தச் சொல்லி யாராவது சொன்னார்களா? வேறு எதுவும் எழுத விருப்பமில்லாவிட்டால் அதை மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஜெயா அக்கா மகள்
சுதர்ஷினி


வத்தளை
21.02.2025

இயேசுவுக்கு ஸ்தோத்திரம்.

சுதாவுக்கு மாமா எழுதிக்கொள்வது.

உன் கடிதத்தைப் பிரிக்காமல் பாய்க்கு அடியில் வைத்திருந்தேன். ஜீவன் வக்கீலைப் பிடித்து அனுப்பியதோ என்று பயம். பிரித்தபோது பொம்பளைப் பிள்ளை எழுத்து. அப்புறம்தான் மூச்சு வந்தது.

இங்கே ஒரு ஹார்ட்வெயார் கடையில் சிமெண்ட் மூட்டை இறக்குகிறேன். முதலாளி லொறிச் சாவியை நீட்டினார். லைசன்ஸ் இல்லை என்று சொல்லிவிட்டேன். இருபது வருடம் ஸ்டியரிங் பிடித்தவன் பொய் சொல்லி மூட்டை தூக்குகிறேன். சாவியைத் திருப்பினால் அந்த டக், டக் கேட்கிறது.

நீ கேட்டதற்குப் பதில். வண்டி தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து ஒரு காலையும் தவறவில்லை. காய்ச்சலோடும் போயிருக்கிறேன். சாவியைத் திருப்புவேன். ஸ்டியரிங்கில் கையை வைத்து, "ஆண்டவரே, இன்னைக்கு இந்த வண்டிக்கு வேலை வராமப் பாரும்" என்று சொல்வேன். ஆமென் சொன்னதும் நிறுத்திவிடுவேன். அவ்வளவு நேரம்தான். முதலில் கொஞ்சம் அதிகமாக ஓட விட்டுப் பார்த்தேன். ஒஃபீஸ் கிளாக்கர் ஐயா வந்து, "யேசு, டீசல் என்ன ஒங்கப்பன் வீட்டுச் சொத்தா? உசுரோட இருக்கான்னு பாத்தாப் போதும், அமத்திரு" என்றார். இப்போது கேட்டால் அப்படிச் சொல்லவே இல்லை என்பார்.

மாதத்தில் ஒருமுறை அந்த வண்டி வெளியே போனால் அதிகம். மற்ற நேரமெல்லாம் ஷெட்டுக்குள்ளேதான் நின்றது. ஆனால் நான் அதைச் சும்மா போட்டு வைக்கவில்லை. அது கர்த்தருக்குத் தெரியும். என் கூடப் பிறக்காத அக்காவுக்கும் தெரியும்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். என்னை வேலையை விட்டு நிறுத்தியதை எதிர்த்து யூனியனில் கேஸ் போட்டிருக்கிறார்கள். சித்திரையில் பதுளையில் விசாரணை. லயத்தில் யாரும் எனக்காகச் சாட்சி சொல்ல வரமாட்டார்கள். அக்காவின் மகளே வந்து, "இவர் தினமும் ஸ்டார்ட் பண்ணினார், நான் என் காதால் கேட்டேன்" என்று சொன்னால் யார் மறுக்க முடியும்? அது ஒன்றை மட்டும் சொல். வேலை கிடைக்காவிட்டாலும் போகட்டும். நான் போட்டு வைத்திருந்தேன் என்ற பேர் போனால் போதும்.

மாமா
யேசுரத்தினம்


மேல் டிவிசன்,
பசறை.
08.03.2025

அன்புள்ள மாமாவுக்கு,

விசாரணைக்கு நான் வருவேன். நீங்கள் ஒரு காலையும் தவறவில்லை என்று சொல்வேன். அது உண்மை. என் குரல் எட்டாவிட்டால் எழுதிக் கொடுப்பேன்.

ஆனால் காரணம் சொல்லாமல் உங்களிடம் கேள்வி கேட்டேன். அந்தக் காரணத்தை இப்போது சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தை இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

வேலை முடிந்து பஸ்ஸுக்கு வரும் வழியில், பதுளை பசாரில் றஹீம் நானாவின் பெட்டரிக் கடை இருக்கிறது. நிஷாந்த் வண்டி எடுக்கும் சத்தம் ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் நீள்வதுபோல எனக்குக் கேட்டது. அதைக் கேட்கத்தான் அங்கே போனேன். கடை வாசலில் வெகுநேரம் நின்றேன். "தங்கச்சி, வெயிலுக்கு நிக்கிறீங்களா, பெட்டரிக்கு நிக்கிறீங்களா?" என்று அவரே கேட்டார்.

நம் வண்டியின் பழைய பெட்டரியை ஒஃபீஸில் அவரிடம்தான் கழிவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவருக்கு ஞாபகம் இருந்தது. "அது வயசு போன பெட்டரி இல்ல தங்கச்சி. பசியில செத்தது" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எஞ்சினை எடுக்கிற பெட்டரி ஒரே மூச்சில் நிறையக் கொடுக்கும். கொடுத்ததைத் திரும்ப ஏற்ற வண்டி நன்றாக ஓட வேண்டும். நின்ற இடத்தில் உறுமினால் போதாது, பசறைக்குப் போய் வருகிற அளவுக்காவது ரோட்டில் ஓட வேண்டும். எடுத்தவுடன் நிறுத்தினால், கொடுத்தது போனது போனதுதான். மறுநாள் அதிலிருந்து இன்னும் கொஞ்சம். சாவி எடுத்த பிறகும் சைரன் பெட்டியும் மணிக்கூடும் உள்ளே இருந்து சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டிருக்கும். அரை வயிற்றோடு கிடக்கிற பெட்டரியின் தட்டுகளில் வெள்ளையாகப் படிந்து இறுகிவிடும். அப்புறம் ஏற்றினாலும் ஏறாது. நம் பக்கத்துக் குளிரில் அதற்கு இன்னும் பலம் குறையும்.

"அப்ப, தினமும் ஸ்டார்ட் பண்ணாம விட்டிருந்தா?" என்று கேட்டேன்.

"அதுவும் தானா எறங்கும். ஆனா இவ்வளவு சீக்கிரம் இல்ல. எடுத்து எடுத்து அமத்தினதுதான் அதத் தின்னிருக்கு" என்றார். பிறகு, "யாரு அந்த டிரைவர்? ரொம்பப் பொறுப்பான ஆளா இருப்பாரே" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை.

மாமா, விசாரணையில் எவ்வளவு நேரம் ஓட விட்டார் என்று என்னிடம் கேட்டால், நான் பொய் சொல்ல மாட்டேன். அதை நீங்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். நிஷாந்தும் உங்களைப் பார்த்துப் பழகியவர். அதேபோலத்தான் எடுத்து அமத்துகிறார். நாளைக்கு அவரிடம் இதைச் சொல்லப் போகிறேன். அதற்கு முன் உங்களிடம் சொல்வதுதான் முறை என்று பட்டது.

சுதா


வத்தளை
17.03.2025

சுதா,

படித்த திமிரை என்னிடம் காட்டாதே. பெட்டரி விற்கிறவன் பெட்டரி விற்கத்தான் பேசுவான்.

தொடாமல் போட்டு வைத்திருந்தால் அடித்திருப்பீர்கள். தொட்டதால்தான் செத்தது என்கிறாய். அப்படியென்றால் நான் ஸ்டியரிங்கில் கை வைத்துச் சொன்ன ஜெபம் ஒவ்வொன்றும் அக்காவின் கழுத்தில் போட்ட கையா? எழுதும்போது உனக்கு அது தோன்றவில்லையா?

உன் அண்ணன் நாலு பேருக்கு முன்னால் அடித்தான். அது ஆறிவிட்டது. நீ சாட்சிக்கு வர வேண்டாம். இனி எழுதவும் வேண்டாம்.

யேசுரத்தினம்


மேல் டிவிசன்,
பசறை.
10.04.2025

அன்புள்ள மாமாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இங்கே நடந்ததை வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை.

நிஷாந்த் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். றஹீம் நானா ஒரு சின்ன சார்ஜர் தந்தார். சுவர்ப் பிளக்கில் மாட்டிவிட்டால் பெட்டரி இறங்க இறங்க ஏற்றும், நிறைந்தால் தானாக நிற்கும். டிஸ்பென்சரிக்குள் இருந்து ஷெட்டுக்கு வயர் இழுத்தோம். பெட்டரியின் கம்பிமுனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை நிஷாந்த் சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கிரீஸ் பூசினார். காலையில் எடுத்து அமத்துவதை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பசறைக்கு ஒரு நடை போய் வந்தார். மறு ஞாயிறு வண்டியைத் தொட்டதும் எடுத்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். நான் லயத்துக் கோடியில் நின்று கேட்டேன்.

ஆனால் காலையில் சத்தம் இல்லை. அதை நான் யோசிக்கவில்லை.

மூன்றாம் நாளே தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பேச்சு தொடங்கியது. "வண்டி செத்துப் போச்சு, மறைக்கிறாங்க." "போன ஆளாவது காலையில எழுப்பிக்கிட்டிருந்தான்." சாவு வீட்டில் நீங்கள் வண்டியைத் தொடவே இல்லை என்று சொன்ன அதே வாய்கள், மாமா. யாரோ ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்து வயரைக் கண்டிருக்கிறார்கள். "அம்புலன்சுக்கே சேலைன் ஏத்துறாங்கடி. நம்மள எங்க காப்பாத்தப் போவுது?" என்று ஒருத்தி சொல்ல, வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள்.

அன்று மாலை ஜீவன் அண்ணன் பத்துப் பேரோடு ஷெட்டுக்குப் போனது. வயரைப் பிடுங்கி, சார்ஜரைக் கொண்டுபோய் ஒஃபீஸ் மேசையில் போட்டது. கிளாக்கர் ஐயாவுக்கு அது வசதியாகிவிட்டது. "ஷெட்டுல கரண்ட் வயர் ஓடக்கூடாது, நெருப்புப் புடிச்சா யாரு பொறுப்பு?" என்று அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். நிஷாந்தின் சட்டையைப் பிடித்து அண்ணன் சொன்னதை நான் கேட்டேன். "எங்கம்மாவுக்கு வந்தது என் பொஞ்சாதிக்கு வந்துச்சுன்னா ஒன்ன உசுரோட விட மாட்டேன். தெனம் காலையில எனக்குச் சத்தம் கேக்கணும்."

இப்போது மறுபடியும் தினமும் உறுமுகிறது. எடுத்ததும் அமத்துகிறார்கள். உறுமியதும் லயத்தில் நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்கிறார்கள்.

நான் பெரட்டுக் களத்துக்குப் போனேன். கங்காணியிடம் அனுமதி கேட்டு, ஆட்களுக்கு முன்னால் நின்று, றஹீம் நானா சொன்னதைச் சொன்னேன். எவ்வளவு சத்தமாகப் பேசினேன் என்று எனக்குத் தெரியாது. பின்வரிசையில் ஒருவர், "அந்தப் புள்ள என்ன சொல்லுது?" என்று கேட்டார். "பாவம், தாய நெனச்சு அழுவுது" என்று பக்கத்தில் நின்றவர் பதில் சொன்னார். நான் அழவில்லை, மாமா.

அண்ணியை முன்கூட்டியே கொண்டுபோய்ப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தெரிந்த வீட்டில் விடலாம் என்று அண்ணனிடம் சொன்னேன். "எதுக்கு? வண்டிதான் தெனம் உறுமுதே" என்றது.

சுதா


வத்தளை
20.04.2025
ஈஸ்டர் ஞாயிறு

இயேசுவுக்கு ஸ்தோத்திரம்.

சுதாவுக்கு,

இன்று கோயிலுக்குப் போனேன். எல்லோரும் பாடினார்கள். நான் பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டேன்.

நீ எழுதியதைக் கொண்டுபோய் இங்கே ஜெனரேட்டர் பார்க்க வருகிற ஷாமில் தம்பியிடம் காட்டினேன். யாரைப் பற்றி என்று சொல்லவில்லை. அவன் வாசித்துவிட்டு, "சரியாத்தானே எழுதியிருக்காங்க" என்றான். கரண்ட் போனால் மட்டும் எடுக்கிற ஜெனரேட்டருக்கும் இதே கதைதானாம். எடுத்து எடுத்துப் பார்த்தே பெட்டரியைச் சாகடித்த முதலாளிமார் நிறையப் பேராம். சொல்லிச் சிரித்தான். நானும் அவனோடு சேர்ந்து சிரித்தேன்.

அன்றைக்குச் சாவியைத் திருப்பியபோது உள்ளே லைட் எரிந்தது. உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அக்காவின் முகம் அந்த வெளிச்சத்தில்தான் எனக்குத் தெரிந்தது. லைட் எரிகிறதே, பெட்டரி நல்லதுதானே என்று திருப்பித் திருப்பி எடுத்தேன். லைட்டுக்குக் காணும் பலம் எஞ்சினுக்குக் காணாது என்று இப்போது சொல்கிறார்கள்.

யூனியனுக்குப் போன் போட்டு கேஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போட்டு வைத்திருந்தேன் என்ற பேரே இருக்கட்டும். உண்மையான பேரைவிட அது லேசு.

நிஷாந்திடம் சொல். சைரன் பெட்டிக்கு ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு பியூஸ் இருக்கிறது. அதைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளட்டும், வண்டி எடுத்த பிறகு மாட்டினால் போதும். கொஞ்சம் மிச்சமாகும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

முந்தின கடிதத்தில் எழுதியதை மனதில் வைக்காதே. ஆனால் அந்த மண்ணில் நான் இனிக் கால் வைக்க மாட்டேன்.

மாமா


மேல் டிவிசன்,
பசறை.
29.04.2025

அன்புள்ள மாமாவுக்கு,

சைரன் பியூஸை நிஷாந்த் கழற்றி வைத்துவிட்டார். அன்றே யாரோ சைரன் அடிக்கவில்லை என்று கண்டுபிடித்து, மறுபடியும் மாட்ட வைத்துவிட்டார்கள்.

இன்று காலை வண்டி முதல் தடவையில் எடுக்கவில்லை. இரண்டாவதிலும் எடுக்கவில்லை. இழுத்து இழுத்து, அடித்தொண்டையில் முனகுவதுபோல ஒரு சத்தம். பெரட்டில் நின்றவர்கள் எல்லோரும் ஷெட்டுப் பக்கம் திரும்பினார்கள். மூன்றாவதில் பிடித்தது. உடனே கை தட்டினார்கள், மாமா. நிஷாந்த் எஞ்சினை ஓட விட்டபடி இறங்கி நின்றார். "போதும், அமத்து, டீசல்" என்று கிளாக்கர் ஐயா ஒஃபீஸ் வாசலில் இருந்து குரல் கொடுத்தார். நிஷாந்த் அமத்தினார்.

நான் வீட்டுக்கு ஓடி வந்தேன். அண்ணியின் வயிற்றில் கை வைத்தபடி அண்ணன் உட்கார்ந்திருந்தது. "கேட்டியா, எடுத்துட்டான்" என்று பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருந்தது. நிறை மாதம். தலை இறங்கிவிட்டது, எந்த நேரமும் வலி வரலாம் என்று மிட்வைஃப் அம்மா சொல்லியிருக்கிறார். நேற்றிரவும் மழை. ரோடு இன்னும் கொஞ்சம் சரிந்திருக்கிறது. அண்ணியைக் கொண்டுபோய் விடலாம் என்று மறுபடியும் கேட்டேன். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில், சாவு வீட்டு வாசலில் உங்களைப் பார்த்த அதே பார்வை இருந்தது.

தோட்டத்துத் துரைக்கு எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை. றஹீம் நானா தன் செலவில் வந்து பேசுவதாகச் சொன்னார். அவர் வந்தாலும் கடைக்காரர் சரக்கு விற்க வந்தார் என்பார்கள். நான் பேசினால் தாயை நினைத்து அழுகிறேன் என்பார்கள். நிஷாந்த் பேசினால் வேலைக்குக் கள்ளம் என்பார்கள்.

உண்மையான பேரைவிட அந்தப் பேர் லேசு என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பல தடவை வாசித்தேன். அந்தக் காலைகளில் நீங்கள் செய்தது பொறுப்பில்லாமல் செய்தது அல்ல என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரிந்துதான் இருந்தது. கடைசியாக வண்டிக்குள் படுத்திருந்தபோது அம்மா என்னிடம் சொன்னதை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. "தம்பிய ஏசாதீங்க. அவன் காலையிலயும் எழுப்பினான்" என்றார். வாய் வீங்கியிருந்ததால் எனக்கு மட்டும்தான் விளங்கியது.

இதை ஆறுதலுக்காக எழுதவில்லை. முதல் கடிதத்திலேயே உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றிருந்தது. ஒவ்வொரு கடிதத்திலும் கடைசியில் எழுத நினைத்து, எழுதாமல் ஒட்டி அனுப்பினேன். கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தெரியும்.

ஒரு காலை பெரட்டுக்கு வாங்க, மாமா. கூட்டத்துக்கு முன்னால் நின்று, நீங்கள் தினமும் எடுத்து அமத்தியதால்தான் அம்மாவுக்கு வண்டி எடுக்கவில்லை என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அதை நீங்கள் சொன்னால் மட்டும்தான் நம்புவார்கள். அண்ணன் உங்களை அடிக்காது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. நான் உங்கள் பக்கத்தில் நிற்பேன்.

தந்தி மாதிரி ஒரு வரி போதும், எந்த பஸ் என்று. இல்லாவிட்டால் எழுத வேண்டாம், உடனே புறப்பட்டு வந்துவிடுங்கள்.

சுதா